பதிமூன்றாம் வளைவு

காலை ஆறே காலுக்கு முதல் சிங்கிள்.
அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி,
ஐம்பத்திரண்டு டிக்கெட், ஒரு மூட்டை தக்காளி.
எங்கே இரண்டாவது கியர், எங்கே மூன்றாவது
யாரையும் கேட்டதில்லை.
ஏறுகிற வண்டிக்கு
இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும்.
மலைக்கு உள்ள சட்டம் அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு செவ்வாய்
சேலம் பெரியாஸ்பத்திரி, சர்க்கரை ஓ.பி.
டோக்கன் எண்பத்து நாலு.
அங்கே நான் டிரைவர் இல்லை.
"சீரங்கன், அம்பத்தொண்ணு, ஆண்."
வெறும் வயிற்றில் ஒரு குத்து,
சாப்பிட்ட பின் ஒரு குத்து,
நடுவில் கேட்டுக்கு எதிரே நாலு இட்லி.

பதினோரு மாதம்
அந்த அறையில் எனக்கு ஒரே வசனம்.

மாத்திரை அரையிலிருந்து ஒன்று.
சரிங்க.
ஒன்றிலிருந்து இரண்டு.
சரிங்க.
"அரிசியக் கொறைங்க, நடங்க."
சரிங்க, சரிங்க.

சொல்லாதது இது:
போன ஆடியில், இறக்கத்தில், பதிமூன்றாம் வளைவில்
நெற்றி குப்பென்று வியர்த்தது.
கை தந்தியடித்தது.
எப்படியோ ஓரம் கட்டினேன்.
கண்டக்டர் வரதராசு
ஏதோ குழந்தையிடம் பிடுங்கி வந்த தேன்மிட்டாய்
என் நாக்கில் கரைகிற வரை
காட்சி பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று
இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்
ஐம்பத்திரண்டு பேரும்.

அன்றிலிருந்து டூட்டி நாளில் மாத்திரை கிடையாது.
சர்க்கரை ஏறியது.
அவர்கள் கூட்டினார்கள்.
அவர்கள் கூட்டக் கூட்ட நான் குறைத்தேன்.
ஒரு வண்டி, இரண்டு ஸ்டியரிங்.

இந்தச் செவ்வாய் புது டாக்டர்.
கோட்டில் ஹெப்சிபா என்று இருந்தது.
ஒன்பதரை என்ற எண்ணை வட்டமிட்டார்.
'சரிங்க'வை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

பேனாவை மூடினார்.
"என்ன வேலை பாக்கறீங்க?"

எண்பத்தைந்து வெளியே கதவைச் சுரண்டியது.
ஏற்காடு பஸ் என்று மட்டும் சொல்ல வாயெடுத்தவன்
தேன்மிட்டாய் வரை போய்விட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன்.
நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார்.
"பதினோரு மாசமா
போடாத மாத்திரைக்கு டோஸ் ஏத்திட்டு இருந்திருக்கோம்."
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.
அவர்கள் எழுதியதை
நான் நேராகப் பார்த்தது அன்றுதான்.
ராத்திரி ஒரே ஒரு ஊசி என்று ஒரு கோடு.
மயக்கம் தராத வேறு மாத்திரை, இங்கே கிடைக்காது,
விலை கூட என்று ஒன்று.
மலையை விட்டு ஆத்தூர் லைன்,
டெப்போவுக்கு லெட்டர் தர்றேன் என்று மூன்றாவது.
"நீங்க சொல்லுங்க."

எனக்கென்ன தெரியும் என்றேன்.
"பதிமூணாம் வளைவு எனக்குத் தெரியாதே."

விலை கூட என்பதை விரலால் மூடினேன்.
மலையை விட மாட்டேன் என்றேன்.
அவர் மாற்றிப் பேசவில்லை.
"பின்னாடி ஒக்காந்திருக்கவங்க?" என்றார்.
அது ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

யார் ஏறுகிறவர், யார் ஒதுங்க வேண்டியவர் என்று தெரியாமல்
இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

கடைசியில்,
ராத்திரி ஊசி, பத்து யூனிட்.
பழகும் வரை ஒரு மாதம் ஆத்தூர்.
அப்புறம் மறுபடி பேசுவது.
ஒரு மாதம் என்றது நான்.
ரெண்டு என்றுதான் அவர் ஆரம்பித்தார்.

மருந்து ஜன்னலில் கூட்டம்.
உள்ளிருந்த கை பழக்கத்தில்
பழைய மாத்திரையை உறையில் போட்டுத் தள்ளியது.
நான் திருப்பித் தள்ளினேன்.
"இது இல்லைங்க. நாங்க மாத்திட்டோம்."

கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"நாங்கன்னா யாருய்யா?"

சீட்டை நீட்டினேன்.
பின்னால் யாரோ
சீக்கிரம் ஆகட்டும் என்று முதுகில் தட்டினார்கள்.